எங்கள் ஊர்த் தராசைத் திருப்பித் தாருங்கள்

எங்கள் பிரதேசத்தின் தாய் சேய் நலத்துக்குப் பொறுப்பான சுகாதார அதிகாரிகளுக்கு,

தை மாதம் இரண்டாம் கிழமை எங்கள் ஊர்ப் பல்தேவைக் கட்டடத்தின் கதவில் ஒரு தாள் ஒட்டப்பட்டிருந்தது. போதிய வரவு இன்மையால் இங்கே மாதந்தோறும் நடந்த நிறை பார்க்கும் கிளினிக் நிறுத்தப்படுகிறது, தாய்மார் இனிப் பிள்ளைகளைப் பிரதான கிளினிக்குக்குக் கொண்டுவர வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. பிரதான கிளினிக் எங்கள் ஊரிலிருந்து 11 கிலோமீற்றர்.

இரண்டு தரம் கடிதம் எழுதினோம். முதலாவதில் 31 தாய்மார் கையெழுத்து வைத்தார்கள். இரண்டாவதை நானே கொண்டுபோய்க் கொடுத்து, கிடைத்ததற்கு முத்திரையும் வாங்கிக்கொண்டு வந்தேன். ஏழு மாதமாகிறது, ஒரு வரி பதில் இல்லை. அதனால்தான் எல்லாரும் வாசிக்கும்படி இதை எழுதுகிறேன்.

நான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரையில் ஒரு முன்பள்ளி ஆசிரியை. 14 வருடமாக இந்த ஊரின் பிள்ளைகள் மூன்று வயதில் என் கையைப் பிடித்துத்தான் முதல் தரம் வீட்டை விட்டு வெளியே வருகிறார்கள். எனக்கும் இரண்டு பிள்ளைகள்.

வரவு குறைந்தது உண்மைதான். ஏன் குறைந்தது என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் மருத்துவமாது ஓய்வுபெற்றுப் போனபின் அந்த இடத்துக்கு ஆள் வரவில்லை. பக்கத்துப் பிரிவின் மிஸ்தான் (மருத்துவமாதை நாங்கள் மிஸ் என்போம்) எங்களையும் சேர்த்துப் பார்க்கிறார். மூவாயிரம் பேரளவில் ஒருவர் என்று வகுத்த வேலையை, இரண்டு பிரிவுக்குமாக அவர் ஒரு ஸ்கூட்டரில் சுமக்கிறார். அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் இரண்டாம் செவ்வாய் என்று வருடக்கணக்காக எல்லாருக்கும் மனப்பாடமாக இருந்த நாள், முதலில் வியாழனாயிற்று, பிறகு சொல்லும் நாளாயிற்று. இரண்டு தரம் தாய்மார் மதியம் வரை கைப்பிள்ளைகளோடு காத்திருந்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். கார்த்திகையில் வெள்ளம் வந்து வீதி தாண்டு கிடந்தது. மார்கழியும் அப்படியே போனது. அடுத்த மாதம் வெள்ளாமை வெட்டு நெருங்கிவிட்டது. இந்த மூன்று மாதத்தின் வரவை எண்ணி, இந்த ஊருக்குக் கிளினிக் தேவையில்லை என்று முடிவெடுத்திருக்கிறீர்கள்.

11 கிலோமீற்றர் என்பது கந்தோரில் இருந்து பார்க்கும்போது சின்னத் தூரம். எங்களுக்குக் காலையில் ஒரு பஸ், அது திரும்பி வரப் பின்னேரம் இரண்டு மணியாகும். ஓட்டோவில் போனால் போக வர 2000 ரூபாய். நாட்கூலிக்குப் போகும் பெண் அன்றைய கூலியையும் சேர்த்து இழக்கிறாள். யானை இறங்கும் காலத்தில் விடியப்புறம் வீதிக்கு வரவே பயம். தாய் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் இந்தப் பயணத்தை அம்மம்மா செய்ய வேண்டும், ஒரு இடுப்பில் பேரப்பிள்ளை, மறுகையில் கிளினிக் புத்தகம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் எப்படியாவது போவார்கள். சுகமாக விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளையை நிறுத்துப் பார்க்க இவ்வளவு பாடுபட்டுப் போவார்களா?

சுகமாக இருக்கும் பிள்ளையைத்தான் நிறுத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குச் சொல்லித் தந்தவர் எங்கள் பழைய மிஸ்.

என் மூத்த மகள் 2 கிலோ 900 கிராமில் பிறந்தாள். ஐந்தாம் மாதம், பிறந்தபோது இருந்த நிறையின் இரண்டு மடங்கு வந்துவிட்டது, அப்படித்தான் வர வேண்டும் என்று மிஸ் சொன்னபோது எனக்குப் பெருமை. ஏழாம் மாதம் 7 கிலோ 300. எட்டாம் மாதம் 7 கிலோ 400. ஒன்பதாம் மாதமும் 7 கிலோ 400. மாதா மாதம் நிறையைப் புள்ளியாகக் குறிக்கும் கிளினிக் புத்தகத்தில் புள்ளி இன்னும் பச்சைக்குள்தான் இருந்தது, பிள்ளை சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். நான் சட்டையைப் போட்டுவிட்டு எழும்பப் பார்த்தேன். மிஸ் என்னை இருக்கச் சொன்னார்.

"தங்கச்சி, நிறம் பச்சைதான். ஆனா கோடு படுத்திட்டு. இதைப் பாத்துக்கொண்டு இருக்க ஏலாது" என்றார். பிறகு ஒவ்வொரு வேளையும் என்ன கொடுக்கிறாய், எதில் கொடுக்கிறாய், எவ்வளவு மிஞ்சுகிறது என்று கேட்டார். நான் பிள்ளைக்குச் செமிக்க வேண்டுமே என்று சோற்றைக் கரைத்துக் கஞ்சியாக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். சின்ன வயிறு, அதைத் தண்ணீரால் நிரப்பினால் பிள்ளை எதை வைத்து வளரும் என்றார். கரண்டியைச் சரித்தால் வழிந்து ஓடுகிற சாப்பாடு காணாது, கரண்டியில் நிற்க வேண்டும். அதில் பருப்பு, முட்டை, இடித்த நெத்தலி, ஒரு தேக்கரண்டி எண்ணெய் அல்லது தேங்காய்ப்பால். தாய்ப்பால் விடாமல் கொடு. இவ்வளவுதான் அவர் சொன்ன மருந்து. முதல் பிறந்தநாளுக்கு அவள் 8 கிலோ 500. கோடு எழும்பிவிட்டது.

அன்று அவர் ஒரே ஒரு நிறையைப் பார்த்திருந்தால் எதுவும் தெரிந்திருக்காது. 7 கிலோ 400 என்பது ஒன்பது மாதப் பெண் பிள்ளைக்குக் குறையென்று சொல்லத்தக்க நிறையல்ல. மூன்று மாதத்தின் மூன்று புள்ளிகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததால்தான் கோடு படுத்தது தெரிந்தது. இரண்டு வயது வரை மாதா மாதம், அதன்பின் ஐந்து வயது வரை மூன்று மாதத்துக்கு ஒரு தரம் என்று வைத்த ஒழுங்கின் காரணம் இதுதான். இது உங்களுக்குத் தெரியாததல்ல, நீங்கள்தான் எங்களுக்குப் படிப்பித்தீர்கள். ஆறு மாதத்துக்கு ஒருக்கால் பிரதான கிளினிக்குக்குப் போனால் போதும் என்று இப்போது வாய்மொழியாகச் சொல்லப்படுவதை அதனால்தான் எங்களால் ஏற்க முடியவில்லை.

வீட்டிலேயே நிறுத்துக்கொள்ளலாமே என்றும் ஒருவர் சொன்னார். ஒரு தாய் அப்படியும் செய்தாள். நெல் வாங்கும் கடையின் தராசில் பிள்ளையை வைத்தாள். அந்தத் தராசு அரைக் கிலோவுக்குக் கீழே காட்டாது. ஒன்பது மாதப் பிள்ளை ஒரு மாதத்தில் ஏறுவதே கால் கிலோ அளவில்தான். சட்டையையும் ஈரத் துணியையும் கழற்றாமல் நிறுத்தாலே ஒரு மாத வளர்ச்சி பொய்யாக ஏறிவிடும். பிள்ளையை நிறுப்பது பழகிய கை செய்ய வேண்டிய வேலை.

இனி நான் சொல்லப் போகும் பையனைப் பற்றி எழுதத் தாய் சம்மதம் தந்திருக்கிறாள்.

மூன்று வயதும் இரண்டு மாதமும் ஆனபோது என்னிடம் வந்தான். வாசலோரத்தில் இருந்து போத்தல் மூடிகளை வரிசையாக அடுக்குவான். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான், நான் வாயசைத்தால் தானும் வாயசைப்பான். சொல் ஒன்றும் வராது. "இவன்ட மாமனும் நாலு வயசிலதான் கதைச்சவன் டீச்சர், நீங்க ஒண்டும் யோசிக்காதீங்க" என்று அம்மம்மா சொன்னார். ஒரு நாள் இடைவேளைக்கு மணியடித்தேன். மற்றப் பிள்ளைகள் எல்லாம் திரும்பினார்கள். மணி அவன் முதுகுக்குப் பின்னால் நாலடி தூரத்தில்தான் இருந்தது, அவன் மூடிகளை அடுக்கிக்கொண்டே இருந்தான். என் கையில் மணி கனத்தது.

அவன் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னேன். எட்டு மாதம் வரை ஒழுங்காகப் புள்ளிகள், பிறகு அங்கொன்று இங்கொன்றாக மூன்று, அதன்பின் வெறுமை. வளர்ச்சிப் படிகளைக் குறிக்கும் பக்கத்தில் சிரித்தது இருக்கிறது, தலை நின்றது இருக்கிறது, பிடிக்காமல் உட்கார்ந்தது இருக்கிறது. சத்தம் வந்த பக்கம் திரும்புகிறானா, பெயர் சொன்னால் பார்க்கிறானா, அம்மா என்று அம்மாவைப் பார்த்துச் சொல்கிறானா என்பவை எல்லாம் வெறும் இடங்கள். நிறை பார்க்க வந்திருந்தால் யாராவது கேட்டிருப்பார்கள். கேட்டிருந்தால் அந்தத் தாய் யோசித்திருப்பாள்.

மட்டக்களப்பு நகரத்தில் காது சோதித்தபோது அவனுக்கு மூன்றரை வயது. இரண்டு காதிலும் கேட்டல் குறைபாடு, அதுவும் கடுமையானது. "இவ்வளவு நாளும் எங்க இருந்தீங்க?" என்று அங்கே ஒருவர் கேட்டாராம். திரும்பி வரும் பஸ்ஸில் அந்தத் தாய் என் தோளில் சாய்ந்து அழுதாள். அவள் எங்கே இருந்தாள்? இந்த ஊரில்தான் இருந்தாள். கேட்க வேண்டியவர்கள்தான் வரவில்லை.

அவளைக் குறை சொல்வது சுலபம். ஆனால் காது கேளாத பிள்ளையும் முதல் மாதங்களில் மற்றப் பிள்ளைகள் போலவே அழும், சிரிக்கும், ஆ ஊ என்று சத்தமிடும். ஆறேழு மாதத்துக்குப் பிறகு மற்றப் பிள்ளைகள் பாபா, மாமா என்று மழலையைக் கோர்க்கும்போது இந்தப் பிள்ளை அங்கே வந்து சேராமல் பின்தங்கிவிடும். வீட்டில் உள்ளவர்களுக்கு அது "அமைதியான பிள்ளை" என்று படும். ஒரு வயதில் மழலை இல்லையா, ஒன்றரை வயதில் ஒரு சொல்லும் இல்லையா, இரண்டு வயதில் இரண்டு சொல்லைச் சேர்த்து "பால் தா" என்று கேட்கவில்லையா, உடனே காட்ட வேண்டும். இதைத் தாய்க்குச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் வந்த இடத்தைத்தான் நீங்கள் மூடியிருக்கிறீர்கள்.

பிள்ளையின் வளர்ச்சியைக் கவனிக்கத் தெரியாத சனம் அல்ல நாங்கள். பிள்ளைத்தமிழ் பாடிய மொழி இது. ஒரு காலை மடித்து, மறு காலை நீட்டி, இரண்டு கையையும் நிலத்தில் ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடுவதற்குச் செங்கீரை என்று பெயர் வைத்து அதை ஐந்தாம் மாதத்தில் நிறுத்தினார்கள். கைகொட்டும் சப்பாணி ஒன்பதாம் மாதம். நடந்து வா என்று கூப்பிடும் வருகை ஒரு வயதைத் தாண்டி. வைத்தியர்கள் இன்று அளக்கும் படிகளை எங்கள் புலவர்கள் பருவமாக்கிப் பாடியிருக்கிறார்கள்.

ஆனால் வீட்டில் எதைக் கொண்டாடுகிறோம், எதை விட்டுவிடுகிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். முதல் பல் முளைத்தால் பல்லுக்கொழுக்கட்டை அவித்துப் பிள்ளையின் தலையில் கொட்டி, ஊருக்கே கொடுக்கிறோம். நல்ல சடங்கு, என் பிள்ளைகளுக்கும் செய்தேன். ஆனால் பல் ஒருவருக்கு ஐந்தாம் மாதம் வரும், ஒருவருக்கு ஒரு வயதில் வரும், அதை வைத்துப் பெரிதாக ஒன்றும் சொல்ல முடியாது. பெயர் சொன்னதும் திரும்பிப் பார்த்த முதல் நாளுக்கு எந்த வீட்டிலும் கொழுக்கட்டை அவிப்பதில்லை. ஒரு வயதுக்குள்ளேயே பிள்ளை எல்லாவற்றையும் வலக்கையால் மட்டும் எடுத்தால், இப்போதே சோத்துக்கை தெரிகிறது என்று மெச்சுகிறோம். மற்றக் கையில் பலம் குறைவா என்று பார்க்க வேண்டிய அடையாளம் அது. இதையும் எங்கள் பழைய மிஸ்தான் சொன்னார்.

அவர் பயத்தை மூட்ட மட்டும் வரவில்லை, தீர்க்கவும் வந்தார். 15 மாதமாகியும் நடக்கவில்லை என்று ஒரு தாய் அழுதபோது, உலக சுகாதார நிறுவனத்தின் அளவீட்டில் தனியே நடப்பதற்கு 8 மாதத்திலிருந்து 17 மாதம் தாண்டும்வரை இடமிருக்கிறது, பிடித்துக்கொண்டு நிற்கிறான்தானே, பொறு என்றார். தவழாமலே எழும்பிய ஒரு பிள்ளைக்காகக் கோயில் கோயிலாக நேர்த்தி வைத்தார்கள். நூறு பிள்ளையில் நாலு பிள்ளை அளவில் கையும் முழங்காலும் ஊன்றித் தவழாமலே நடக்கும் என்று சொல்லி அந்த வீட்டை நித்திரை கொள்ள வைத்தவரும் அவர்தான். இன்று அந்த ஆறுதலுக்கும் ஆள் இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் மிச்சம்.

உயரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் நிலையத்தில் நீளம் அளக்கும் பலகை ஒருநாளும் இருந்ததில்லை. இரண்டு வயதுக்குக் கீழே பிள்ளையைப் படுக்க வைத்து, ஒருவர் தலையைப் பிடிக்க ஒருவர் முழங்காலை அழுத்தி அளக்க வேண்டும் என்று பயிற்சியில் காட்டினார்கள். பலகைதான் வந்து சேரவில்லை. என் வகுப்பில் இப்போது நான்கு வயது நிறைந்த ஒரு பெண் பிள்ளை இருக்கிறாள். பார்த்தால் மெலிவு தெரியாது, உருண்டையான முகம். சுவரில் கோடு போட்டு நிறுத்தினேன், 91 சென்ரிமீற்றர். அந்த வயதில் ஒரு மீற்றரைச் சுற்றி நிற்க வேண்டும். வீட்டில் பரம்பரை என்கிறார்கள். தாய் தகப்பன் இரண்டு பேரும் நல்ல உயரம். முதல் இரண்டு வருடத்தில் நின்றுபோன உயரத்தைப் பிறகு இழுத்து எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்பது உங்களுக்குத்தான் என்னைவிட நன்றாகத் தெரியும்.

இது எங்கள் ஊரின் கதை மட்டும் அல்ல. 2016ஆம் ஆண்டு நாடளாவிய குடித்தொகை சுகாதார அளவீட்டிலேயே ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளில் 17 வீதம் வயதுக்கேற்ற உயரமில்லை, 15 வீதம் உயரத்துக்கேற்ற நிறையில்லை. அதற்குப் பிறகுதான் 2022 வந்தது. மா விலை, பால்மா விலை, முட்டை விலை எல்லாம் ஏறின, தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் கொடுக்கும் திரிபோஷா சத்துமாவும் தட்டுப்பாடானது. அந்த வருடங்களில் வயிற்றில் இருந்த பிள்ளைகளும் மடியில் இருந்த பிள்ளைகளும்தான் இப்போது என் வகுப்புக்கு வருகிறார்கள். தாய்மாரின் அனுமதியோடு 23 பேரின் புத்தகத்தையும் திறந்து பார்த்தேன். 16 புத்தகத்தில் கடந்த ஆறு மாதத்தில் ஒரு புள்ளியும் இல்லை. வளர்ச்சிப் படிகளின் பக்கம் முழுதாக நிரம்பியவை நான்கு. இரண்டு புத்தகத்தில் தொடர்ந்து மூன்று மாதம் ஒரே நிறை எழுதப்பட்டிருக்கிறது. உண்மையில் அப்படியே நின்றதா, நிறுக்காமல் எழுதப்பட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டில் எது என்றாலும் யாராவது அந்த வீட்டுக்குப் போயிருக்க வேண்டும்.

1926இல் களுத்துறையில் தொடங்கி, மருத்துவமாது வீட்டு வாசலுக்கே வரும் முறையை இந்த நாடு கட்டி எழுப்பியது. யுத்த காலத்திலும் எங்கள் மிஸ் சைக்கிளில் வந்தார். மண்முனைப் பாலம் 2014இல்தான் திறந்தது. அதற்கு முன் பாதை என்று சொல்லும் மிதவையில் வாவியைக் கடந்து, செக்பொயின்ற்றில் பையைத் திறந்து காட்டி, தொங்கு தராசைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்கள். இன்று பாலமும் கார்ப்பெட் வீதியும் வந்த பிறகு தராசு ஊரை விட்டுப் போவதை எங்களால் விளங்கிக்கொள்ள முடியவில்லை.

நாங்கள் கேட்பது இவ்வளவுதான்.

கதவில் ஒட்டிய அறிவித்தலை மீளப் பெற்று, மாதம் ஒரு நாள் எங்கள் ஊரிலேயே நிறை பார்க்கும் கிளினிக்கைத் தொடங்குங்கள். இரண்டாம் செவ்வாய் என்றால் இரண்டாம் செவ்வாய்தான், மாறக் கூடாது. மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் மூன்று நாளைக்கு முன் எனக்கொரு அழைப்புத் தாருங்கள், கோயில் ஒலிபெருக்கியில் சொல்லி வைப்பது என் பொறுப்பு. பல்தேவைக் கட்டடம் வசதியில்லை என்றால் முன்பள்ளி மண்டபம் இருக்கிறது. மின்விசிறியும் தண்ணீரும் உண்டு, பாய் விரித்து வைப்போம். மாரியில் வீதி தாண்டால் அந்த மாதத்தை விட்டுவிடாமல் வெள்ளம் வற்றிய கிழமையிலேயே வாருங்கள்.

வெறுமையாக இருக்கும் மருத்துவமாது இடத்துக்கு நிரந்தரமாக ஒருவரை நியமியுங்கள். எப்போது என்று திகதி சொல்லுங்கள். அதுவரை பதில் கடமை பார்க்கும் மிஸ்ஸுக்குப் பெற்றோல் செலவும், நிறுத்து எழுத ஒரு உதவியாளும் கொடுங்கள். அந்த உதவிக்கு எங்கள் ஊரில் ஏ.எல். படித்த பிள்ளைகள் நாலு பேர் இருக்கிறார்கள், பயிற்சி மட்டும் தாருங்கள்.

சரி பார்த்த தராசு ஒன்றும் நீளம் அளக்கும் பலகை ஒன்றும் அனுப்புங்கள். நிறை பார்க்கும்போதே வளர்ச்சிப் படிகளைக் கேட்டுக் குறிக்கும்படி எழுத்தில் பணியுங்கள், முக்கியமாக ஒன்பதாம் மாதத்திலும், ஒன்றரை வயதிலும், மூன்று வயதிலும். காது, பேச்சு, நடை பற்றிச் சந்தேகம் வந்தால் "பெரியாஸ்பத்திரிக்குக் காட்டுங்கோ" என்று வாயால் சொல்லி அனுப்பாமல், எந்த நாள், எந்த அறை என்று எழுதிய துண்டைத் தாயின் கையில் கொடுங்கள். அவள் போனாளா என்று அடுத்த மாதம் கேளுங்கள்.

நான் பார்த்த 23 பிள்ளைகளையும், ஊரில் இன்னும் முன்பள்ளிக்கு வராத சின்னப் பிள்ளைகளையும் இந்த மாத முடிவுக்குள் ஒரு முறை முழுதாகப் பரிசோதிக்க ஒரு குழுவை அனுப்புங்கள். பெயர்ப் பட்டியலும் பிறந்த திகதிகளும் என்னிடம் தயாராக இருக்கின்றன.

இந்த மடலுக்கு 14 நாளைக்குள் எழுத்தில் பதில் தாருங்கள். பதிலின் ஒரு பிரதியை அந்தக் கட்டடத்தின் கதவில், பழைய தாள் ஒட்டியிருக்கும் இடத்திலேயே ஒட்டச் செய்யுங்கள்.

படுவான்கரையிலிருந்து
ஒரு முன்பள்ளி ஆசிரியை